நமக்குச் சொந்தமில்லாத நாய் நம்மை எப்போது ஏற்றுக்கொள்கிறது?

ரீடிங்காரர்

வளர்த்த நாயைப் பற்றிக் கேட்டால் யாரும் நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் கேட்பது வேறு. உங்களுடையது அல்லாத ஒரு நாய், முதலில் குரைத்துத் துரத்திவிட்டு, அப்புறம் ஒருநாள் "சரி, இந்த ஆள் வந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுக்கொடுத்த கதை இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது என் வேலை. போஸ்ட்மேனையாவது நாய்க்கு அடிக்கடி பார்த்துப் பழக்கம் இருக்கும். நாங்கள் போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதிலும் மீட்டர் பெட்டி பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கும். வெயில் காலத்தில் நாய் படுப்பதற்கு வீட்டிலேயே அதைவிடக் குளுமையான இடம் கிடையாது. "நாய் கட்டியிருக்கா?" என்று கேட்டால் உள்ளிருந்து "அது ஒண்ணும் பண்ணாது சார், வாங்க" என்று பதில் வரும். இதை நம்பிக் கடி வாங்கியவர்கள் எங்களில் நிறையப் பேர். ஒன்றும் பண்ணாதது வீட்டுக்காரரைத்தான்.

எங்களுக்குள் சில பழக்கங்கள் உண்டு. கேட்டைத் தட்டக் கூடாது, குரல் கொடுக்க வேண்டும். நாயின் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்று, அது வந்து மோந்து பார்க்கிற வரை கையை ஆட்டாமல் இருக்க வேண்டும். ஓடினால் தொலைந்தோம்.

ஒரு பாட்டி வீட்டில் செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய். முதல் சில தடவை என்னைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை, பாட்டிதான் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வார். அப்புறம் என்ன புரிந்துகொண்டதோ, நான் வெளியே நின்று "ரீடிங்" என்றதும் எழுந்து எனக்கு முன்னால் நடந்துபோய் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தது. எழுதி முடித்ததும் கேட் வரை கூடவே வரும். அதற்கு மேல் ஒரு நிமிடம் நின்று பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், தொண்டைக்குள் உறுமல் கிளம்பிவிடும். வந்த வேலைக்கு மட்டும்தான் எனக்கு அனுமதி.

கீதாரி மகன்

கடைசி வரியைப் படித்ததும் எங்கள் ஆட்டுக் கிடை நாய்கள் ஞாபகம் வந்துவிட்டது. எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் பக்கம் போவோம். ராத்திரி வயலில் கிடை போட்டால், அதாவது ஆடுகளை அங்கேயே மடக்கி வைத்தால், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதற்கு நிலத்துக்காரர் கூலி கொடுப்பார்.

பகலில் அந்த நாயைப் பார்த்தால் இதுவா காவல் நாய் என்று சிரிப்பீர்கள். மந்தைக்குப் பின்னால் தூங்கி வழிந்துகொண்டு வரும். இருட்டிவிட்டால் அதன் நடையே மாறிவிடும். நாங்கள் படுக்கிற இடத்துக்கு வராது. கிடைக்கு வெளியே ஒரு பக்கம் படுக்கும், எழுந்து ஒரு சுற்று வரும், இடம் மாற்றி இன்னொரு பக்கம் படுக்கும். நரியும் ஆடு திருடுகிறவனும் ஒரே பக்கத்திலிருந்து வருவதில்லையே.

என் அக்காவைக் கட்டிய மாமா டவுன்காரர். கிடைக்கு வரும்போதெல்லாம் கறி எலும்பு வாங்கி வருவார். நாய் அதை வாங்கித் தின்றுவிட்டு அவரைப் பார்த்துக் குரைக்கும். "மச்சான், உங்க நாய்க்கு நன்றியே இல்லடா" என்று அவருக்குக் கோபம். எங்கள் அய்யா ஒருநாள் தன் கம்பளியை அவர் தோளில் போட்டு, சாயங்காலம் ஆடுகளோடு ஆடாக மேய்ச்சலிலிருந்து நடந்து வரச் சொன்னார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. ஆட்டு வாடை அடிக்கிறவன் கிடையைச் சேர்ந்தவன், அவ்வளவுதான் அதன் கணக்கு. மாமா அடுத்த முறை டவுன் சட்டையில் வந்தார், மறுபடியும் குரைப்பு.

பாசம் என்று நாங்கள் பெரிதாக எதுவும் காட்டியதில்லை. நாங்கள் குடித்த கூழ்தான் அதற்கும். வெளியில் ஆடு ஈன்றால் இளங்கொடிக்காக (குட்டிக்குப் பின்னால் விழுகிற நஞ்சு) பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அது கண்ணெதிரே விழுந்ததும் தின்றுவிட்டு, ஈரத்தோடு கிடக்கிற குட்டியை மோந்துகூடப் பார்க்காமல் எழுந்துபோகும். பசியோடு இருக்கிற ஒரு பிராணி எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று எப்படிப் பிரித்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

கீதாரி மகன் எழுதியதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தது. எருமைகளுக்காக நடந்த பூசலில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோகிறான். அவன் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். அவனுடைய நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, அங்கேயே காத்து நின்றதாம். கல்லில் வீரனோடு நாயின் உருவமும் உண்டு.

அதைப் பார்க்கப் போனபோது எனக்குப் பட்டது இது. அரசன் பெயரும் ஆண்டும் வருகிற அதே எழுத்தில், அதே உளியால், ஒரு நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. "நன்றியுள்ள நாய்" என்பது போன்ற பொதுப் பாராட்டு அதில் இல்லை. பெயர் என்ன, என்ன செய்தது என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். மாடு, எருமைதான் சொத்து என்றிருந்த காலத்தில் காவல் காத்தவனை மறக்கக் கூடாது, அவன் நாலு காலில் நின்றாலும்.

கிராமத்து நர்ஸ்

எல்லோரும் ஏற்றுக்கொண்ட கதையாகவே சொல்கிறீர்கள். ஏற்காத கதை என்னுடையது.

கர்ப்பிணிகளை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு வீட்டில் கறுப்பு நாய். அந்தப் பெண் மாசமாக இருந்த காலம் முழுக்க நான் போய்வந்தேன், வாலாட்டும், வாசலில் கிடக்கிற என் செருப்புமேல் தலை வைத்துப் படுக்கும். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு போனேன். அதே நாய் அறை வாசலில் நின்றுகொண்டது. காதைப் பின்னால் மடித்து, உடம்பை விறைத்து, சத்தமே இல்லாமல். குரைக்கிற நாயைவிடச் சத்தம் போடாத நாய்க்குத்தான் பயப்பட வேண்டும். எடை பார்க்கிற தராசோடு குழந்தைப் பக்கம் ஒரு எட்டு வைத்தேன், கெண்டைக்காலில் பிடித்துவிட்டது.

வீட்டுக்காரர்கள் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவினேன். இதை எல்லோரும் செய்யுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். "ஊசி போட்ட நாய்தாம்மா" என்றார்கள். இருக்கட்டும், நானும் போட்டுக்கொண்டேன். அரசு மருத்துவமனைகளில் இப்போது கையில், தோலுக்குள் போடுகிறார்கள்: முதல் ஊசி போடுகிற நாள் (அதை 0 என்று எண்ணுவோம்), பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்கிற எதிர்ப்பு மருந்து) போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

ஊசி என்றதும் என் அம்மா அலறினார். அவர் சின்ன வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து அது. 2004 கடைசியில் இந்தியாவில் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தாலேயே கடியை மறைக்கிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன், குறிப்பாகப் பிள்ளைகள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நாய் கிழடாகிவிட்டது. என்னைத் தெருமுனையில் கண்டால் இன்னும் எழுந்து நிற்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பார்வையில் நான் தராசு தூக்கிக்கொண்டு வந்த ஆள்தானே.

சிப்பிப்பாறை வளர்ப்பவர்

சிஸ்டர், கட்டிப் போடாதது வீட்டுக்காரர் தப்பு, நாயின் தப்பு இல்லை.

எங்கள் பக்கத்து நாய்கள் (சிப்பிப்பாறை, கன்னி) சோற்றுக்கு மயங்காது. நாய் வாங்க வருகிறவர்கள் எடுத்ததும் குனிந்து தலையைத் தடவப் போவார்கள். தடவாதீர்கள். என்னோடு திண்ணையில் உட்கார்ந்து டீ குடியுங்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள், அதுவே வரும். 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தபோது எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெருமைக்காக அடுக்குமாடி வீட்டில் இந்த நாய்களை வாங்கி வைக்காதீர்கள். ஓட இடம் இல்லாவிட்டால் சோபாவைக் கிழிக்கும், அப்புறம் ஒரு ராத்திரியில் ஏதாவது நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவீர்கள். அப்படி இறக்கிவிட்ட கன்னி ஒன்று இப்போது என் தோட்டத்தில் இருக்கிறது. கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் இன்னும் ஓடிப்போய்ப் பார்க்கிறது.

இரவுக் காவலர்

நான் வேலை பார்க்கிற தெருவில் ஒரு பெட்டை நாய். கருத்தடைக்காக மாநகராட்சி வண்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். விதிப்படி பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும், விட்டார்கள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சின்னதாக ஒரு வெட்டு. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டோம். தெருவில் இருந்த மற்ற நாய்கள்தான் சேர்க்கவில்லை. மருந்து வாடை போகிற வரை என் நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபோது டெல்லியில் எல்லாத் தெருநாயையும் பிடித்து அடைக்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் ஒரே பேச்சு. அந்த மாதமே உத்தரவை மாற்றி, வெறி பிடித்ததையும் ஆக்ரோஷமானதையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டு, கருத்தடை செய்து திரும்ப விடச் சொன்னார்கள். நர்ஸம்மா சொன்ன கதையும் எனக்குப் புரிகிறது, இதுவும் புரிகிறது.

டெலிவரி தம்பி

அண்ணன்மாரே, ரீடிங் அண்ணன் சொன்ன மாதிரி ஓடாமல் நிற்பதெல்லாம் நடந்து போகிறவர்களுக்குச் சரி. பைக்கில் ராத்திரி பதினொரு மணிக்குத் துரத்தினால்? நான் கண்டுபிடித்தது: முறுக்கினால் அதுவும் வேகமாக வரும், காலைத் தூக்கினால் பேலன்ஸ் போகும். மெதுவாக்கி, நிறுத்தி, "என்னடா?" என்று கேட்டுவிட வேண்டும். நின்ற பைக்கை என்ன செய்வதென்று பாதி நாய்களுக்குத் தெரிவதில்லை.

எங்கள் ஏரியாவில் இப்போது எல்லாம் பழகிவிட்டன, ஒன்றைத் தவிர. அதற்கும் என்மேல் பகை இல்லை, என் ரெயின்கோட்டு மேல்தான். தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டினால் உடனே வாலாட்டும். மழையில் தெருவுக்குத் தெரு அதைக் கழற்றிக்கொண்டிருந்தால் நான் எப்போது சாப்பாடு கொடுப்பது, யாராவது சொல்லுங்கள்.