மலேசியாவில் கட்சித் தலைவருக்கு இடம் விட ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) விலகலாமா?

பிறைக்காரன்:
உடம்புக்கு முடியாமல் விலகினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தலைவருக்குத் தொகுதி வேண்டும் என்று, நன்றாக இருக்கிற சட்டமன்ற உறுப்பினரை விலகச் சொல்லி இடைத்தேர்தல் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சிலாங்கூர் மாநிலத்துக் காஜாங் தொகுதியை மறந்துவிட்டீர்களா? 2013 மே மாதம் ஜெயித்தவர், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் நிற்பதற்காக 2014 ஜனவரியில் விலகினார். மார்ச் 7ஆம் தேதி அன்வார் குற்றவாளி என்று மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அவரால் நிற்க முடியவில்லை. அவர் மனைவி வான் அசிசா நின்று ஜெயித்தார். அவராவது மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனாரா? நாற்காலி அதே கட்சியின் அஸ்மின் அலிக்குப் போனது. எதற்கு இத்தனை கூத்து?

செந்தூல்வாசி:
கூத்து என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். காஜாங் மக்கள் 5,379 வாக்குப் பெரும்பான்மை கொடுத்தார்கள். உங்கள் பினாங்கிலேயே பெர்மாத்தாங் பாவ் இருக்கிறதே. 2008இல் வான் அசிசா விலகி அன்வார் நின்றார், பெரும்பான்மை 15,671. அந்த வருடப் பொதுத்தேர்தலில் வான் அசிசா வாங்கியதைவிட அதிகம். கட்சி தாவிவிட்டுப் பதவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர்களைவிட, விலகி மக்களிடம் திரும்பி வருவது எவ்வளவோ மேல்.

பிறைக்காரன்:
காஜாங்கில் 2013இல் பெரும்பான்மை 6,824. குறைந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 2018இல் அன்வாருக்காக உறுப்பினர் விலகிய போர்ட்டிக்சனில் ஓட்டுப் போட்டவர்கள் 58 விழுக்காடுதான். இங்கே உறுப்பினர் விலகியதால் பெனாந்தியில் 2009இல் நடந்த இடைத்தேர்தலுக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை, அப்போது நாட்டை ஆண்ட தேசிய முன்னணி நிற்கவே இல்லை. ஜெயித்தார்கள், சரி. சலித்துப்போய் வீட்டில் இருந்தவர்களை யார் எண்ணுவது?

மாக் மண்டின் அக்கா:
தம்பிகளா, கொஞ்சம் ஒய்பியின் சேவை மையம் பக்கம் வாருங்கள். என் மாமாவுக்கு இன்னும் குடியுரிமை இல்லை, சிவப்பு அடையாள அட்டைதான். மையத்தில் இருக்கிற பையன் விண்ணப்பப் பாரம் எல்லாம் நிரப்பி, தோட்டத்துக் காலத்துப் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுக்கவைத்து, ஒரு மஞ்சள் கோப்பில் கோத்து வைத்திருக்கிறான். ஒய்பி விலகினால் அந்தக் கோப்பு யார் கைக்குப் போகும்? காலியிடம் என்று தேர்தல் ஆணையம் உறுதிசெய்த பிறகு இடைத்தேர்தலுக்கு 60 நாள் அவகாசம். அதுவரை மாமா யாரைப் போய்ப் பார்ப்பார்?

செந்தூல்வாசி:
அக்கா, பொதுத்தேர்தலில் ஆள் மாறினாலும் இதே கதைதான். கோப்பைப் பத்திரமாக ஒப்படைக்கச் சட்டம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முன்பெல்லாம் விலகுவது சும்மா இல்லை. 2022இல் சட்டம் மாறும்வரை, நாடாளுமன்ற உறுப்பினர் விலகினால் ஐந்து வருடம் மறுபடி நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாமல் இருந்தது. 2008 ஜூலையில் விலகிய வான் அசிசாவால் 2013 மே பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத் தொகுதி எதிலும் நிற்க முடியாமல் போனது அதனால்தான்.

பிறைக்காரன்:
அந்தத் தண்டனையும் இப்போது இல்லை, செலவு மட்டும் நமக்கு. இடைத்தேர்தல் செலவை அந்தக் கட்சியே கட்டட்டும்.

மாக் மண்டின் அக்கா:
அப்போ காசுள்ள கட்சி எத்தனை தடவை வேண்டுமானாலும் விலகலாம் போல.

பிறைக்காரன்:
அதுவும் சரிதான் அக்கா. அப்படியென்றால் விலகியவர் கட்சி அந்த ஒரு இடைத்தேர்தலில் நிற்கக் கூடாது என்று போடுங்கள். அப்புறம் எத்தனை பேருக்குத் தியாக உணர்ச்சி வருகிறது, பார்ப்போம்.

செந்தூல்வாசி:
உடம்புக்கு முடியாமல் விலகுகிறவர் கட்சிக்கும் தடையா? ஒய்பியிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்பீர்களோ?

பிறைக்காரன்:
கேட்பேன். எம்சி இல்லாமல் எங்கள் பேக்டரியில் ஒரு நாள் லீவு எடுக்க முடியாது. இவர் ஒரு தொகுதியையே விட்டுவிட்டுப் போகிறார்.