பிள்ளைக்கு முதல் வேட்டை ரைஃபிள்: உதைப்பைப் பற்றி உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கருவேலன் (டெக்சஸ்)

மகளுக்குப் பதினொரு வயது. போன மாதம் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் நடந்தது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே அக்டோபர் கடைசியில் பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்றே ஒரு வார இறுதியில் மான் சீசன் திறப்பார்கள். உரிமம் 7 டாலர்தான். வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்துவிட்டாள். மீதி இருந்தது துப்பாக்கி மட்டும். என்னிடம் .30-06 (பெரியவர்கள் சுடும் பலமான ரைஃபிள்) இருக்கிறதே, குண்டை மட்டும் லேசாக 150 கிரெயினில் (குண்டின் எடை அளவு) வாங்கினால் தோளில் உதைப்பது குறையும், அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் இரண்டு தோட்டாவும் காகிதத்தில் விழுந்தன. மூன்றாவது எங்கேயோ போனது, நான்காவதும் அப்படியே. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெடிக்காத டம்மி தோட்டா ஒன்றைக் கையில் கொடுத்து, "அவளுக்குச் சொல்லாமல் இதைப் போட்டுப் பார்" என்றார். போட்டேன். டிரிக்கர் 'டிக்' என்றது. சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனால் குழல் முனை நாலு அங்குலம் கீழே இறங்கியது. இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தாள். கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்து, "சுட்டுச்சாப்பா?" என்று கேட்டாள்.

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் அம்மா பார்த்துத்தான் தோளில் நீலம் பாரித்திருப்பது தெரிந்தது. எனக்காகத் தாங்கியிருக்கிறாள்.

இப்போது .243 காம்பாக்ட் (சிறிய குண்டு சுடும், சின்ன உடம்புக்கு ஏற்ற ரைஃபிள்) ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறேன். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 600 டாலருக்குள் முடிய வேண்டும். பிள்ளைகளோடு இதைக் கடந்து வந்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஏரிக்கரை (ஒஹாயோ)

எங்கள் மாநிலத்தில் மானுக்கு .243 கூடாது. ரைஃபிளில் நேர்ச்சுவர் கொண்ட (கழுத்து குறுகாத) தோட்டாக்களை மட்டும் 2014 முதல் அனுமதிக்கிறார்கள். அதனால் பையனுக்கு .350 லெஜண்ட் வாங்கினேன். 2019-ல் வந்த தோட்டா. உதைப்பு ஏறக்குறைய .243 அளவுதான், 150 யார்டு வரை தாராளமாக நம்பலாம்.

முதல் வருஷம், மறைப்புக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, அறுபது யார்டில் பெண்மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. பையன் ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சேஃப்டியைத் திரும்பப் போட்டுவிட்டு, "கோடு ஆடுதுப்பா, வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னான். மான் போய்விட்டது. பன்னிரண்டு வயதில் எனக்கு அந்த நிதானம் இருந்திருக்காது. துப்பாக்கி மேல் பயம் இல்லாததால்தான் அவனால் அப்படி யோசிக்க முடிந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

சித்தாறு (டெக்சஸ்)

கருவேலன் அண்ணா, .243 வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்லாரும் சின்னப் பிள்ளைக்கு .243 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். என் அக்கா பையனுக்கு நாங்கள் அதைத்தான் கொடுத்தோம். மேசன் பக்கம் ஒரு பண்ணை, மாலை ஆறு மணி. 90 யார்டில் தோள்பட்டையில்தான் பட்டது, நானே பார்த்தேன். மான் எழுந்து ஓடிவிட்டது. ஒன்பது மணி வரை டார்ச் அடித்துக்கொண்டு சீடர் புதர்களுக்குள் தேடினோம். ஒரு புல் நுனியில் ஒரே ஒரு சொட்டு ரத்தம். பையன் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைக்காமல் அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான். மான் கிடைக்கவே இல்லை. அடுத்த வருஷம் அவன் வேட்டைக்கு வரவில்லை.

அதனால் சொல்கிறேன், 7எம்எம்-08 பாருங்கள். .243-உம் இதுவும் .308 தோட்டாவின் உடம்பில் பிறந்தவைதான். அது 1955, இது 1980. ஆனால் 7எம்எம்-08-இல் குண்டு 120, 140 கிரெயின் என்று கனமாகப் போகும், எலும்பில் பட்டாலும் உடைத்துக்கொண்டு உள்ளே போகும். எட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் .30-06-இன் உதை சுமார் 20 அடி-பவுண்டு என்றால் இது 12, 13-தான். அதுவும் அதிகம் என்றால் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனத்தில் கஸ்டம் லைட் என்று மென்மையான தோட்டா வருகிறது. இரண்டு வருஷம் அதையே சுடட்டும், தோள் வளர்ந்ததும் முழுத் தோட்டாவுக்கு மாறட்டும். துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை, அதுவே பெரிய மிச்சம்.

இன்னொன்று, நீங்கள் ஹில் கன்ட்ரி (மத்திய டெக்சஸின் குன்றுப் பகுதி) பக்கம் போவீர்கள் என்றால் நம்ம ஊர்ப் புள்ளிமானும் அங்கே இருக்கிறது. 1932-ல் கொண்டுவந்து விட்டது, இன்று காடு முழுக்கப் பரவியிருக்கிறது. அதற்கு சீசன் கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் வெள்ளைவால் மானைவிடக் கெட்டியான உயிர். கிடா ஒன்று எதிரே வந்தால் .243 கையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்கோப்புக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், துப்பாக்கிக்கு 400 என்றால் ஸ்கோப்புக்கு 200 எடுத்து வையுங்கள். துப்பாக்கியைத் தாங்க இரண்டு கால் பைபாட் வேண்டாம், மூன்று கால் ஸ்டிக் வாங்குங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் நிற்கும்.

மணல்மேடு (விஸ்கான்சின்)

சித்தாறு, அன்றைக்கு எந்தக் குண்டு போட்டீர்கள்? அதைச் சொல்லாமல் .243 மேல் பழி போடுவது நியாயம் இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் .243-ல்தான் ஆரம்பித்தார்கள். 100 கிரெயின், ஆறு மான், ஒன்றும் ஐம்பது யார்டு தாண்டவில்லை.

சித்தாறு (டெக்சஸ்)

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். 58 கிரெயின். கடையில் "பையனுக்கா? இதுதான் லேசாக உதைக்கும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள், நானும் வாங்கி வந்தேன். அது கயோட்டி (ஓநாய் போன்ற சிறிய விலங்கு) சுடுகிற குண்டு என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பையனிடம் இதை நான் சொல்ல வேண்டும். அவன் தான் தப்பாகச் சுட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மணல்மேடு (விஸ்கான்சின்)

அதேதான். 58 கிரெயின் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். மானுக்கு 90, 100 கிரெயின், அல்லது 80, 85-ல் முழுச் செம்புக் குண்டு. பையனிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

பனைநிழல் (எட்மண்டன்)

நான் ஒரு தாய். வன்னியில் இருந்து வந்தவள். துவக்குச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். மகள் பதினான்கு வயதில் தகப்பனோடு வேட்டைக்குப் போகப் போகிறேன் என்றபோது ஒரு கிழமை நான் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. இங்கே பன்னிரண்டில் இருந்து பதினேழு வயது வரை சிறுவர் உரிமம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டாள்.

தகப்பனின் சிநேகிதர் ஒருவர் 6.5 கிரீட்மோர் இரவல் கொடுத்தார். உதை குறைவு என்று எல்லாரும் சொன்ன துவக்குத்தான். அன்று பின்னேரம் அவள் வாசலில் நின்றபோது புருவத்துக்கு மேலே பிறை போல ஒரு வெட்டு. ஸ்கோப் வந்து இடித்திருக்கிறது. இரத்தம் காய்ந்திருந்தது. நான் கத்தவில்லை. துணி நனைத்துத் துடைத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "அம்மா, இது துவக்கில பிழை இல்லை, கட்டை எனக்கு நீளம்" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. பெரியவர்களுக்கான கட்டை (தோளில் வைக்கிற பின்பகுதி) டிரிக்கரில் இருந்து பின்முனை வரை பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். அவளுடைய கைக்கு அது எட்டவில்லை. துவக்கின் பின்பகுதி தோளில் இருக்காமல் புயத்தில் இருந்திருக்கிறது, எட்டிப் பார்க்கக் கழுத்தை முன்னுக்கு நீட்டியிருக்கிறாள், கண் ஸ்கோப்புக்குக் கிட்டப் போய்விட்டது. பிறகு ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் வாங்கினோம், அதே 6.5-தான். பன்னிரண்டரை அங்குலக் கட்டை. மோஸ்பெர்க் சூப்பர் பேண்டமும் பார்த்தோம், அதில் துண்டு போட்டுப் பன்னிரண்டில் இருந்து பதின்மூன்று வரை நீட்டலாம். அதே தோட்டா, பாரமும் குறைந்த துவக்கு, ஆனால் அவள் நோகிறது என்று சொல்லவில்லை.

கருவேலன் அண்ணை, பாரம் குறைந்தால் உதை கூடும் என்பதும் உண்மை. ஆறு பவுண்டுத் துவக்கில் .243-உம் கொஞ்சம் உறைக்கும். ஆனால் முதலில் மகளின் கையை அளந்து பாருங்கள். முழங்கையை மடக்கிக் கட்டையை உள்மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் டிரிக்கரில் வசதியாகப் படுகிறதா என்று. காதுக்கு அடைப்பான், அதற்கு மேலே காதை மூடுகிற மஃப், இரண்டும் போடுங்கள். உதை என்று அவள் சொன்னதில் பாதி சத்தம்தான் என்று பிறகு எனக்கு விளங்கியது. எனக்கும் ஒரு மஃப் வாங்கித் தந்தாள். ரேஞ்சில் பின்னால் கதிரையில் இருந்தபடி அதைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன்.

தாமிரம் (நியூ ஜெர்சி)

நான் ரேஞ்சில் இரண்டு தடவை சுட்டதோடு சரி, அதனால் கதை பெரிதாக இல்லை. ஆனால் படிக்கிறவர்களில் பலர் எச்-1பி-யில் இருப்பீர்கள், இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் ஒன்று, மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். பிள்ளைகள் எச்-4 (எச்-1பி குடும்பத்தினருக்கான விசா) வைத்திருந்தால் அவர்களுக்கும் இதேதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடையில் ரைஃபிள் வாங்கக் குறைந்தது பதினெட்டு வயது ஆக வேண்டும், ஆகவே எப்படியும் பெற்றோர் பெயரில்தான் வாங்குவீர்கள். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் விசாவைப் பற்றிய கேள்வியை அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் போகாதீர்கள். கொலராடோ போல சில மாநிலங்களில் பெரிய விலங்குக்கு .24 அங்குல விட்டத்துக்குக் குறைந்த குழல் கூடாது, அங்கே .223 வாங்கிவிட்டால் பணம் வீண். வீட்டில் பூட்டுப் பெட்டியும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டும் வேண்டும், இதைப் பிள்ளை துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

கருவேலன் (டெக்சஸ்)

எல்லாருக்கும் நன்றி. பனைநிழல் சகோதரி சொன்னபடி அளந்து பார்த்தேன், என் .30-06 கட்டை அவளுக்கு ஒன்றரை அங்குலம் நீளம். ஒரு நாளும் அளந்தது இல்லை.

.243 காம்பாக்ட் வாங்கிவிட்டேன், 100 கிரெயின் தோட்டாவோடு. ஆனால் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நாலு வாரமாக உதை மிகக் குறைந்த .22-ஐத்தான் சுடுகிறாள். நேற்று அவளே, "அப்பா, டம்மியைக் கலந்து போடுங்க, எதுன்னு சொல்லாதீங்க" என்றாள். பத்தில் மூன்று டம்மி. முதல் இரண்டில் குழல் முனை அசையவே இல்லை. மூன்றாவதில் ஒரு நூல் அளவு இறங்கியது. அவளே பார்த்துவிட்டாள். "அது கணக்குல சேராது, இன்னொரு பத்து போடுங்க" என்றாள்.

அக்டோபருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.