ஒரே தோட்டத்துப் பினோ நுவாருக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

உணவக மேலாண்மை மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு வரியில் மூன்று நாளாக நிற்கிறேன். குளிர்ந்த பகுதியின் மலைச்சரிவில், ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில் விளைந்த பழத்தை மட்டும் கொண்டு செய்த பினோ நுவார் (ஒரு கருந்திராட்சை வகை, அதில் செய்த சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்). இப்படி நீட்டி எழுதலாம்தான், ஆனால் 'சிங்கிள் வினியார்ட்' அட்டவணைத் தலைப்புகளிலும் வருவதால் சின்னச் சொல்லாக வேண்டும். 'தனித்தோட்ட ஒயின்' என்று போட்டேன், படித்த மாணவி "தனியார் தோட்டமா?" என்று கேட்டார். 'ஒற்றைத் தோட்டம்' என்றால் அந்தப் பக்கத்திலேயே வேறு தோட்டம் இல்லாததுபோல் இருக்கிறது. கொஞ்சம் உதவுங்கள்.

*

தம்பி, தேறல் இருக்க ஒயின் எதற்கு? புறநானூறு 56இல் நக்கீரர் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார், கடல் கடந்து கலத்தில் வந்த அதே பொருள்தான். தேறுதல் என்றால் தெளிதல். மண்டி அடியில் தங்கி மேலே தெளிந்து நிற்பது தேறல், செய்முறையே பெயரில் இருக்கிறது.

மலைச்சரிவுக்குச் சாரல். குறுந்தொகை 3ஆம் பாட்டின் "சாரல் கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடன்" என்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சரிவு, ஒரு செடி, அதன் தேன். நீங்கள் கேட்கிற கருத்து முழுவதும் அங்கே இருக்கிறது. ஒருசாரல் தேறல் என்று வையுங்கள்.

நுவார் என்றால் கருப்பு. பினோ க்ரி, பினோ ப்ளாங் என்று சாம்பலும் வெள்ளையும் உண்டு என்பதால் இது செந்தாமரைபோல இனமுள்ள அடை, அதாவது வேறு நிறத்து இனத்திலிருந்து பிரித்துக் காட்டுவது, செஞ்ஞாயிறுபோல அல்ல. ஆகவே மொழிபெயர்த்தே ஆக வேண்டும்: கரும்பினோ.

*

ஐயா, கரும்பினோ என்று உரக்கப் படித்துப் பாருங்கள். கரும்பில் வடித்தது என்றுதான் எவரும் நினைப்பார். கருமை பழத்துக்குத்தான், ஒயினுக்கு இல்லை. தோல் மெல்லிசு, நிறம் குறைவு. கோப்பையைச் சாய்த்து அச்சடித்த தாளுக்கு மேல் பிடித்தால் ஒயின் வழியாகவே எழுத்தைப் படிக்கலாம், முதல் வகுப்பில் நான் செய்து காட்டுவது இதுதான். பழவகையின் பெயரைப் பெயராகவே விடுவோம்.

சாரல் என்றால் இன்று எல்லாருக்கும் தூறல்தான். பினோ நுவாருக்குக் கொத்து மிக நெருக்கம், பைன் காய் போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். அறுவடை நேரத்து மழை அந்த நெருக்கத்துக்குள் புகுந்து அழுகலைக் கொண்டுவரும். அந்தப் பழத்தின் பெயரோடு தூறலை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. சரிவு என்றே சொல்லலாமே. சீக்கிரம் துளிர்க்கிற கொடி இது, உறைபனி பட்டால் துளிர் கருகிவிடும். குளிர்காற்று கனமானது, கீழே சரிந்து ஓடிவிடுகிறது, நடுச்சரிவு தப்பிக்கிறது. சரிதல் என்ற வினைதான் அந்த இடத்தின் பயனே.

அப்புறம் 'தனி' ஏன் சரிவராது என்றால், பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டியில் 'கிளிமா' என்று 1247 துண்டு நிலங்கள் எல்லை வகுத்துப் பெயரிடப்பட்டு 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. (இதைத் 'தட்பவெப்பம்' என்று மொழிபெயர்த்த பக்கம் ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன்.) அவற்றுள் ரோமனே கோன்டி என்ற தோட்டம் 2 ஹெக்டேருக்கும் குறைவு, உரிமை ஓரிடத்தில். குளோ த வூஜோ என்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர், அதற்குள் ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். இரண்டுமே தனித்தனியே ஒரு கிளிமாதான். பெயரும் எல்லையும்தான் கணக்கு, உடைமை இல்லை.

*

> பெயரும் எல்லையும்தான் கணக்கு

அப்படியானால் அதற்கும் சொல் உண்டு அம்மா: தாக்கு. வயலின் ஒரு துண்டை உழவர் தாக்கு என்பர். ஒருதாக்குத் தேறல். மண்ணும் வானிலையும் சேர்ந்து சுவையைத் தருவதைப் பிரெஞ்சில் 'தெருவார்' என்கிறார்களே, தொல்காப்பியம் அதை முதற்பொருள் என்று முன்பே சொல்லிவிட்டது, நிலமும் பொழுதும். திராட்சை வடசொல், கொடிமுந்திரி நம் சொல். முந்திரி 1/320 என்ற பின்னத்துக்கும் பெயர், சிறு மணி என்ற பொருளில் இரண்டும் ஒன்றோ என்று நெடுநாளாக எனக்கு ஓர் ஐயம் உண்டு.

*

முந்திரி என்று கையேட்டில் எழுதினால் மாணவர்கள் பருப்பைத் தேடுவார்கள் ஐயா. தாக்கு என்றால் அடி. முதற்பொருள் மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

'ஒரே தோட்டத்து ஒயின்' என்று வைத்தால் என்ன என்று யோசித்தேன். ஆனால் அமெரிக்க விதிப்படி 95 விழுக்காடு பழம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தாலே அதன் பெயரைக் குப்பியில் போடலாம். 'ஒரே'யில் இருப்பது பிரிநிலை ஏகாரம், மற்றதை அறவே விலக்கும். மீதி 5 விழுக்காட்டை எங்கே வைப்பது? ஏகாரம் இல்லாமல் 'ஒருதோட்ட ஒயின்' போதும். சரிவையும் குளிரையும் வாக்கியம் சுமக்கட்டும்.

*

என் வாக்கும் ஒருதோட்ட ஒயினுக்கே. தேறல் அழகுதான், ஆனால் தேர்வெழுதுகிற பிள்ளைக்குப் பொழிப்புரை தேவைப்படும்.

*

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு அனுப்பியாக வேண்டும், ஆகவே 'குளிர்ந்த பகுதிச் சரிவில் விளைந்த ஒருதோட்டப் பினோ நுவார்' என்று எழுதிவிட்டேன். பின்னிணைப்பில் தேறலுக்கு ஒரு பதிவு வைத்து, புறநானூற்று அடியையும் சேர்த்திருக்கிறேன் ஐயா.

*

சேர்த்ததற்கு மகிழ்ச்சி. உடன்பாடு இல்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன், பின்னிணைப்பு தேறலின் இடம் அல்ல. ஒருதோட்ட என்பதை எல்லா இடத்திலும் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறீர்கள்? அச்சகத்தில் பிரித்துவிட்டால் ஏதோ ஒரு தோட்டம் என்று ஆகிவிடும். மெய்ப்பு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.