அப்பாவுக்கு மலச்சிக்கல், கூடவே ரத்தம்: கருணைக்கிழங்கு போதுமா, உள்ளே பார்க்கணுமா?

சாத்தூரான்:
அப்பாவுக்கு 58 வயது. தீபாவளியிலிருந்தே மலச்சிக்கல். முக்கி முக்கிப் போனாலும் புழுக்கை புழுக்கையாகத்தான் வருகிறது. போய் முடித்ததும் சிவப்பாக ரத்தம் சொட்டுகிறது. வலி இல்லை. "உடம்புச் சூடு, மூலம்தான், எல்லாருக்கும் வருவது" என்கிறார். அவருடைய சிநேகிதர் ஒருவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் "மூலம், பவுத்திரம் ஒரே ஊசியில் குணம்" என்று போர்டு வைத்திருப்பவரிடம் கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறார். நான் மதுரையில் காட்டலாம் என்கிறேன். வீட்டில் தினம் பஞ்சாயத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துத்திக்கீரை:
அந்த ஊசிக்காரரிடம் மட்டும் போய்விடாதீர்கள். என்ன மருந்தை ஏற்றுகிறார் என்று யாருக்கும் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மதுரையும் இப்போதைக்கு வேண்டாம். வலியில்லாமல், மலம் போனபின் சிவப்பாகச் சொட்டினால் அது உள்மூலம். அதைக் கிளப்பிவிடுவது மலச்சிக்கல். கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை, ராத்திரி கடுக்காய்ப் பொடி, இவற்றை ஒரு மண்டலம் கொடுங்கள். புரோட்டாவும் கோழி வறுவலும் கட். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் உட்காரும் முன்பே லேசர் பேக்கேஜ் விலையைச் சொல்வார்கள். சிக்கலைத் தீர்க்காமல் அறுத்தால் மூலம் திரும்ப வராதா?

ஓபி_சிஸ்டர்:
அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

சாத்தூரான்:
இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரின். அப்புறம் ஊரில் போட்ட முகாமில் ஹீமோகுளோபின் 9.1 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வேறு ஒன்றும் இல்லை.

துத்திக்கீரை:
பார்த்தீர்களா? இரும்பு மாத்திரை போட்டால் மலம் கட்டும், ஆஸ்பிரின் போட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாது. இரண்டும் சேர்ந்தால் இந்தக் கதைதான். காரணம் கையில் கிடைத்துவிட்டது.

ஓபி_சிஸ்டர்:
அண்ணாச்சி, நீங்கள் சொன்ன இரண்டும் சரி. ஆனால் இரும்பு மாத்திரை எதற்காக வந்தது? ஆண்களுக்கு 13க்கு மேல் இருக்க வேண்டியது 9.1இல் நிற்கிறது. பெண்ணாக இருந்தால் மாதவிடாய் என்று ஒரு பதில் சொல்லலாம். 58 வயது ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முகாமில் மாத்திரை கொடுத்தார்கள், ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

துத்திக்கீரை:
மூலத்தில் தினம் சொட்டினாலே ரத்தம் குறையும், சிஸ்டர். என் மாமாவுக்கு அப்படித்தான் குறைந்தது. பரிசோதித்துப் பார்த்ததில் மூலம் தவிர வேறொன்றும் இல்லை.

ஓபி_சிஸ்டர்:
உங்கள் மாமாவுக்குப் பார்த்துவிட்டுத்தானே அப்படிச் சொன்னார்கள்! பழி மூலத்தின் மேல்தான் என்பது எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியில் வரவேண்டிய முடிவு. மூலம் இருக்கிறது என்பதால் அதற்கு மேலே கட்டி இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். பெருங்குடலின் வலது பக்கம் கட்டி இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கு ரத்தமே தெரியாது, சத்தமில்லாமல் ஹீமோகுளோபினை மட்டும் இறக்கும். மலக்குடல் பக்கம் இருந்தால் சிவப்பு ரத்தம், மலச்சிக்கல், போய்வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி ஓர் உணர்வு. மூலத்தோடு குழப்பிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

ஐடி_வெடிப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்படிப் பேசினால் ரத்தம் பார்த்த எல்லாரும் புற்றுநோய் என்று பயந்து சாகவேண்டியதுதான். எனக்கும் ரத்தம் வந்தது. பிளேடால் கிழித்த மாதிரி வலி, போய்வந்து ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாது. ஆசனவாய் வெடிப்பு என்றார் டாக்டர். குழாய் எதுவும் விடவில்லை. வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது, மலத்தை இளக்கும் இசப்கோல் உமி, வெடிப்பில் தடவ டில்டியாசெம் களிம்பு, இவ்வளவுதான். ஆறியேவிட்டது.

ஓபி_சிஸ்டர்:
உங்கள் கதை வேறு, தம்பி. வயது குறைவு, வலியோடு ரத்தம், கட்டி மலம் போனதும் ஆரம்பித்தது, உடல் எடை குறையவில்லை, குடும்பத்தில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை என்றால் டாக்டர் வெளியில் பார்த்தே வெடிப்பு என்று சொல்லிவிடுவார். மலம் இளகினால் புது வெடிப்பு சில வாரத்தில் ஆறும். இரண்டு மாதம் ஆகியும் ஆறாவிட்டால்தான் அடுத்த கட்டம். உங்களுக்குக் கொலனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, சொல்லியிருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன். ஆனால் உங்களையும் ஒரு டாக்டர் பார்த்தார் என்பதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

டெக்சாஸ்_தமிழன்:
இங்கே 2021இலிருந்து 45 வயதிலேயே எல்லாரும் குடல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். நடிகர் சாட்விக் போஸ்மேன் 43 வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். 58 வயதில் யோசிக்கவே கூடாது.

துத்திக்கீரை:
அமெரிக்கக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள் சார். நம் ஊரில் அந்தப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. அரசாங்கமே எல்லாருக்கும் பாருங்கள் என்று சொல்லவில்லை.

ஓபி_சிஸ்டர்:
அங்கே உள்ளதைவிட இங்கே குறைவு, உண்மைதான். ஆனால் 45 வயது விதி எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. அப்பாவுக்கோ ரத்தம் போகிறது, மலம் போகும் பழக்கம் புதிதாக மாறியிருக்கிறது, ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அமெரிக்காவாக இருந்தால் என்ன, சாத்தூராக இருந்தால் என்ன?

துத்திக்கீரை:
சரி, பார்க்கட்டும். அதுவரை மலச்சிக்கலோடு அவர் முக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? கருணைக்கிழங்கில் என்ன குற்றம்?

ஓபி_சிஸ்டர்:
ஒரு குற்றமும் இல்லை. கிழங்கு, கீரை, கொய்யா, முழுப்பயறு எல்லாம் கொடுங்கள். நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இசப்கோல் என்றால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, இல்லாவிட்டால் அதுவே கட்டிக்கொள்ளும். காலையில் காபியோ டிபனோ உள்ளே போனதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருந்தால் காலுக்கடியில் ஒரு குட்டை ஸ்டூல் போட்டால் குந்தி உட்காரும் நிலை கிடைக்கும். போனை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பயம் கடுக்காய், நிலாவரை, விளக்கெண்ணெய் மாதிரி பேதி மருந்துகள்தான். உள்ளே அடைப்பு இருந்து வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாமல் இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் விபரீதம். அப்படி இருந்தாலோ, தலை சுற்றினாலோ, கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனாலும் அப்படியே. இரும்பு மாத்திரையாலும் கறுக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

சாத்தூரான்:
அப்பாவிடம் ஹீமோகுளோபின் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். "பின்னால் கைவைத்துப் பார்ப்பார்களா?" என்பதுதான் இப்போது ஒரே கேள்வி. ஆஸ்பிரினை நிறுத்தட்டுமா சிஸ்டர்?

ஓபி_சிஸ்டர்:
ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் கதை வேறு மாதிரி முடியும். பெரும்பாலும் ஆஸ்பிரினோடேயே பரிசோதனை செய்வார்கள், இதய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கைவைத்துப் பார்ப்பார்கள், ஆமாம். கையுறை போட்டு ஒரு விரல், ஒரு நிமிஷம்கூட ஆகாது. மலக்குடல் கட்டிகளில் சில அந்த ஒரு நிமிஷத்திலேயே தட்டுப்படும். மறைப்புக்குத் திரை இருக்கும், வேண்டுமென்றால் ஆண் டாக்டரைக் கேளுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே உண்டு, முகாமில் கொடுத்த சீட்டை எடுத்துப்போங்கள். கொலனோஸ்கோப்பியில் பாலிப் மாதிரி சின்ன சதை ஏதாவது தெரிந்தால் பல சமயம் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாற பெரும்பாலும் பல வருஷம் பிடிக்கும், அதற்குள் எடுத்துவிடத்தான் இத்தனை பாடு. கொலனோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்தால் இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், குடல் சுவரில் கறுப்பாகப் படிந்து பார்வையை மறைக்கும். முந்தின நாள் வெறும் தெளிந்த திரவம், அப்புறம் பேதிக்கான மருந்துத் தண்ணீர் லிட்டர் கணக்கில். கீரை, கிழங்கு, விதையுள்ள பழம் எல்லாம் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கூடாது.

துத்திக்கீரை:
அதற்கப்புறம் கொடுக்கலாமில்லையா?

ஓபி_சிஸ்டர்:
பரிசோதனை முடிந்த அன்று சாயங்காலம் இட்லி. எல்லாம் நன்றாக இருந்தால் மறுநாளிலிருந்து உங்கள் மசியல், அண்ணாச்சி.