ஜிப்சிக்கு அகல ஆக்சில் மாட்டிய பிறகு ஃபோர் வீலில் வண்டி இறுகுகிறது: உதவி தேவை

கோத்தகிரி_ஜிப்சி:
வணக்கம். என்னிடம் இருப்பது 1980களின் கடைசியில் வந்த மாருதி ஜிப்சி எம்ஜி410. 970 சிசி என்ஜின், நான்கு கியர், வீல் இடைவெளி குறைந்த பழைய மாடல். எஸ்டேட் மண் ரோட்டில் ஒரு பக்கம் சரிந்து போகும்போது பயமாக இருப்பதால், 1993க்குப் பிறகு வந்த அகல ஆக்சில்களைக் காயலான் கடையில் வாங்கி மாட்டினோம். வெல்டிங் வேலை இல்லாமல் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்துவிட்டது. சரிவில் வண்டி இப்போது நன்றாக நிற்கிறது.

ஆனால் ஃபோர் வீல் (நான்கு வீலுக்கும் இழுவை) போட்டால், ஈர மண்ணில் நேராகப் போகும்போதே வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல் இறுகுகிறது. லீவரைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால்தான் விடுகிறது. ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. 50ஐத் தாண்டினால் முன் வீல் ஆடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் வீல்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது, இறக்க வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். இறக்கலாமா?

மண்ரோடு:
நான்கு டயரும் ஒரே அளவா? முன்னால் தேய்ந்ததும் பின்னால் புதுசும் இருந்தாலே ஃபோர் வீலில் இழுக்கும்.

கோத்தகிரி_ஜிப்சி:
நான்கும் புது 205/70 ஆர்15, ஒரே கம்பெனி. காற்றும் சமம்.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, டிரான்ஸ்ஃபர் கேஸை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஜிப்சியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஒரே வேகத்தில்தான் சுற்றும். தார் ரோட்டில் வளைவில் இறுகுவது எல்லா ஜிப்சிக்கும் உள்ளது, அது நோய் இல்லை. ஈர மண்ணில், அதுவும் நேராகப் போகும்போது இறுகுகிறது என்றீர்களே, அதுதான் விஷயம். முன் ஆக்சிலின் கிரவுன் பினியன் (உள்ளே இருக்கும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) ஒரு கணக்கு, பின் ஆக்சிலுடையது வேறு கணக்கு என்று எனக்குப் படுகிறது. இரண்டும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா?

இந்தக் குடும்பத்து சுஸுகிகளில் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஆக்சிலுக்குள் வெவ்வேறு பல் கணக்கு உண்டு. எஸ்ஜே410இல் கிரவுனில் 37 பல்லுக்குப் பினியனில் 9, அதாவது 4.11. எஸ்ஜே413இல் 43க்கு 11, அதாவது 3.91. அமெரிக்கா போன சாமுராயில் 41க்கு 11, 3.73. கடைக்காரர் சொல்லும் மாடல் பெயரை நம்ப வேண்டாம், நீங்களே எண்ணிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கியர் நியூட்ரல், ஃபோர் வீல் லீவர் டூ வீலில். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, தரையில் நிற்கும் வீல்களுக்கு நல்ல கல்லாக முட்டு வையுங்கள். பின் வீல் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு. வீலைச் சரியாக 20 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று ஒருவர் எண்ணட்டும். ஒரு வீல் தரையில் நிற்பதால் 20 சுற்றுக்குக் கிரவுன் 10 சுற்றுதான் சுற்றும். 41 வந்தால் 4.11, 39 வந்தால் 3.91, 37 வந்தால் 3.73. அப்புறம் முன்னால் ஒரு வீலைத் தூக்கி அதே மாதிரி. முன்னால் இரண்டு ஹப்பையும் (வீலை ஆக்சில் ஷாஃப்டோடு இணைக்கும் பூட்டு) லாக்கில் போட்டுவிட்டு எண்ணுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

இலைப்பட்டை:
ஸ்டீயரிங் கோணலுக்கு: ஸ்டீயரிங் வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டி நேராக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீயரிங் பாக்ஸின் நடு இடத்தில்தான் பிடிப்பு சரியாக இருக்கும். பாக்ஸை நடுவில் நிறுத்தி, டிராக் லிங்க் (பாக்ஸை முன் வீலோடு இணைக்கும் கம்பி) நீளத்தை மாற்றித்தான் ஸ்டீயரிங் வீலை நேராக்க வேண்டும். ஆக்சில் பக்கத்துக்கு 45 மிமீ வெளியே போயிருப்பதால் பழைய லிங்கில் மரை போதாமல் போகலாம். நுனியில் நான்கு மரை பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், அகல மாடலின் லிங்கையே வாங்குங்கள்.

ஆட்டத்துக்கு: முன் வீலைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பேரிங்கும் (வீல் திரும்பும் அச்சின் பேரிங்) சிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு). பழைய ஆக்சிலில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கோத்தகிரி_ஜிப்சி:
எண்ணிவிட்டோம். பின்னால் 41 தாண்டிக் கொஞ்சம், முன்னால் 39! ஆக்சில்கள் இரண்டு வேறு வண்டியிலிருந்து வந்தவை என்று கடைக்காரர் இப்போது சொல்கிறார். பிரேக் மிதித்தாலும் வீல் ஆட்டம் நிற்கவில்லை.

பழைய_ஸ்பேனர்:
அப்படியானால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் முன் வீல்கள் அரை மீட்டர் அதிகமாக ஓடப் பார்க்கின்றன. டயர் வழுக்கிக் கொடுத்ததால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிழைத்தது. சரியாகும்வரை ஃபோர் வீல் போடவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் 4.11தான் வைத்துக்கொள்ள வேண்டும். 970 சிசி என்ஜினுக்கு மலையில் அந்த இழுவை தேவை. முன்னால் 4.11 டிஃப்ரன்ஷியலை முழு செட்டாக வாங்கி மாற்றுங்கள். கிரவுன் ஒரு வண்டி, பினியன் ஒரு வண்டி என்று கலந்தால் ஊளையிடும், சீக்கிரம் பல் போகும். வாங்கும் முன் ஆக்சில் ஷாஃப்டின் பல்லையும் எண்ணிக்கொள்ளுங்கள், உள்ளே பொருந்த வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்சின் துளை இடைவெளியையும் அளந்துவிடுங்கள்.

முன் டிஃப்ரன்ஷியல் வெளியே வர இரண்டு பக்க ஷாஃப்டையும் உருவியாக வேண்டும், அதற்கு நக்கிளை (ஆக்சில் நுனியில் வீலோடு திரும்பும் பகுதி) பிரிக்க வேண்டும். அந்தக் கையோடு கிங்பின் பேரிங், நக்கிள் சீல், உள் ஆயில் சீல் எல்லாம் புதுசு போடுங்கள். உள் சீல் போயிருந்தால் கியர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். சிம் வைக்கும்போது ஸ்பிரிங் தராசால் நக்கிளை இழுத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

முன்னால் டிஸ்க் பிரேக் வந்திருக்கிறதா? இருந்தால் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க் வண்டியுடையதாக இருக்கட்டும்.

மண்ரோடு:
ஆர்டிஓ அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் இதைத்தான் முதலில் தேடுவார். பொது ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி_ஜிப்சி:
முன்னால் டிரம்தான் அண்ணா, டிஸ்க் இல்லை. டிஃப்ரன்ஷியலை இறக்கிவிட்டோம்: கிரவுனில் 43, பினியனில் 11, நீங்கள் சொன்ன அதே கணக்கு. இடது பக்க உள் சீல் போய், நக்கிளுக்குள் கிரீஸ் தண்ணீராக இருந்தது. 37க்கு 9 செட் ஒன்று கோயம்புத்தூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள், ஷாஃப்டை எடுத்துக்கொண்டே போய்ப் பொருத்திப் பார்க்கப் போகிறேன். ஆர்டிஓவில் கேட்கும்வரை வண்டி எஸ்டேட்டுக்குள்தான் ஓடும்.

பழைய_ஸ்பேனர்:
நல்லது தம்பி. செட்டை வாங்கும்போது பல்லில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஒரு பல்லின் நுனி உடைந்திருந்தாலும் வேண்டாம். மாட்டி ஓட ஆரம்பித்ததும், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி டைட் வையுங்கள், புது ஆக்சில் உட்கார உட்கார அவை தளரும்.