ஸ்பெல்ட் கோதுமை: களையும் உரமும்

சேலையூர்வாசி:
வணக்கம். சென்னையில் இருந்துகொண்டு, கோத்தகிரிப் பக்கம் மைத்துனருடைய ஒன்றரை ஏக்கரை மாதம் இருமுறை போய்ப் பார்த்துக்கொள்கிறேன். சென்ற பருவத்தில் சம்பா கோதுமை விதைத்து, நெல்லுக்குப் பழகிய கையால் யூரியாவைத் தாராளமாக இட்டதில், கதிர் வாங்கியபின் பெய்த ஒரே மழையில் பயிர் பாய் விரித்ததுபோல் சாய்ந்தது. அதன்மேல் களை எழுந்து விளைச்சல் பாதியாகிவிட்டது. இம்முறை ஐரோப்பாவின் ஸ்பெல்ட் கோதுமையை முயல எண்ணுகிறேன். அதற்குக் களையும் உரமும் எப்படிப் பார்ப்பது?

பழைய வேளாண் அலுவலர், அண்ணா நகர்:
ஐயா, சம்பா கோதுமை 28 குரோமோசோம் கொண்ட எம்மர் என்னும் பழங்காலக் கோதுமை இனம். ஸ்பெல்ட் 42 குரோமோசோம் கொண்டது, ரொட்டிக் கோதுமைக்கு நெருங்கிய உறவு. ஆனால் நெடிய தாளும் மணியை விடாத உமியும் இரண்டுக்கும் பொது. ஆகவே பயிர் சாயும் உங்கள் பழைய தொல்லை இதிலும் தொடரும்.

தமிழ்நாட்டில் கோதுமைக்கு ஹெக்டேருக்கு 80:40:40 கிலோ தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து என்பது பொதுவான பரிந்துரை. அது குட்டை ரகங்களுக்குத்தான் பொருந்தும். நெடிய பயிருக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் அவ்வளவுதான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை அடியுரமாகவும், மிச்சத்தைத் தூர் கட்டும் 20–25ஆம் நாளில் முதல் தண்ணீரோடும் கொடுங்கள். தொழுவுரம் நிறைய இட்டிருந்தால் இதையும் குறைக்க வேண்டும். இலை கரும்பச்சையாக மடிந்து தொங்கினால் மேலுரம் வேண்டவே வேண்டாம்.

முக்கியமானது வரிசை. களை எடுத்த பிறகே மேலுரம். முந்தினால் உரத்தைக் களைதான் தின்னும். விதைப்புக்கு முன்பே ஒரு தண்ணீர் விட்டு, முளைத்த களையை மேலோட்டமாக உழுது அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு 20 செ.மீ. இடைவெளிச் சாலில் விதைத்தால் சக்கரக் களைக்கருவி ஓடும். தூர் விட்டு நிலத்தை மூடிவிட்டால் ஸ்பெல்ட் தன் நிழலிலேயே களையை அடக்கும். 2,4-டி என்ற களைக்கொல்லி அகன்ற இலைக் களையை மட்டுமே கொல்லும், புல்லைத் தொடாது. காற்றில் பரவினால் பக்கத்துத் தேயிலையும் கேரட்டும் கருகும், அண்டை வீட்டார் சும்மா விடமாட்டார்கள்.

மாடித்தோட்டம், ஆதம்பாக்கம்:
உரத்துக்கு முன் குளிரைப் பாருங்கள், அண்ணா. கடையில் வாங்கிய ஸ்பெல்ட் மணியை அக்டோபரில் தொட்டியில் போட்டேன். செழிப்பான புல்லாகப் படர்ந்ததே தவிர நிமிரவில்லை. மார்ச்சில் ஒரு தூரை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே இலைமேல் இலைதான், கதிரின் சுவடே இல்லை. ஐரோப்பிய ரகங்களில் பெரும்பாலானவை குளிர்கால வகை. பல வாரம் கடுங்குளிர் பட்டால்தான் கதிர் விடும். வசந்தகால வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம்.

சேலையூர்வாசி:
இருவருக்கும் நன்றி. விதையை உமி நீக்கியா விதைப்பது?

பழைய வேளாண் அலுவலர், அண்ணா நகர்:
உமியோடேயே விதையுங்கள், நீக்கும்போது முளைக்கரு அடிபடும். எடையில் கால் பங்குக்கு மேல் உமிதான் என்பதால் விதையளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்கத் தாமதமானால், நீலகிரியின் வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்.டபிள்யூ. 1098 என்ற குட்டைச் சம்பா ரகத்தை விசாரியுங்கள். அது எளிதில் சாயாது.