பதநீர் அடுப்பில் பம்பும் துடுப்பும்: கழற்றி மாட்டியவர்களின் அனுபவங்கள்

தேரிக்காட்டான் (திசையன்விளைப் பக்கம்)

எங்கள் விளையில் ஏறுகிற நிலையில் இருபத்திரண்டு பனைகள் நிற்கின்றன. நல்ல நாளில் அறுபது லிட்டர் பதநீர் இறங்கும். அதைக் காய்ச்சினால் ஏழு கிலோ கருப்பட்டி தேறும். இது பெரிய வியாபாரம் இல்லை. வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போக மிச்சம் இருந்தால் விற்போம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகு தகராறு செய்ய ஆரம்பித்தது. குடம் குடமாகத் தூக்கி அண்டாவில் ஊற்றுவது இனி ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதனால் சதுரக் குழாயில் ஒரு ஸ்டாண்டு அடித்தேன். மேலே இரண்டு அண்டா, அடியில் இரண்டு எரிவாயு அடுப்பு. தரையில் இருக்கும் டிரம்மிலிருந்து பதநீரை ஏற்ற ஒரு சின்ன பம்பு, சூடு பார்க்க ஒரு கம்பி வெப்பமானி, பிற்பாடு துடுப்பு போட்டுக் கிண்ட ஒரு மோட்டார். இந்த மூன்றும் நிரந்தரமாக அங்கேயே இருக்க முடியாது. பதநீர் காய்ச்சும் குடிசையான விடலிக்குக் கதவு கிடையாது. கடல் காற்று வேறு. அதோடு கோயில் கொடை விழாவுக்குச் சோறு வடிக்க ஊரார் ஸ்டாண்டைக் கேட்பார்கள், மறுக்க முடியாது. ஆகவே தினமும் மாட்ட வேண்டும், தினமும் கழற்ற வேண்டும்.

பம்பை ஸ்டாண்டின் காலில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டு நான்கு போட்டு முடுக்கினேன். அங்கேதான் என் புத்தி பிசகியது. விடியற்காலை நான்கு மணிக்கு, ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில், நான்கு போல்ட்டு, எட்டு வாஷர், நான்கு நட்டு. ஒரு வாஷர் கைதவறித் தேரி மணலில் விழுந்தால் போனது போனதுதான். ஒரு நாள் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்துப் பார்த்தேன். காந்தத்தைச் சுற்றித் தாடி முளைத்ததுபோலக் கருமணல் ஒட்டிக்கொண்டு வந்தது, வாஷர் வரவில்லை. அந்த ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் இழுக்காது என்று மகள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு நட்டு போல்ட்டோடு கடித்துக்கொண்டது. பின்னாலும் வரவில்லை, முன்னாலும் போகவில்லை. ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். அந்தக் கோபத்தில், 'இனி உன்னைக் கழற்றினால் பார்' என்று ஒரு வாரம் பம்பை அப்படியே விட்டுவிட்டேன். தண்ணீர் ஓடவிட்டுக் கழுவினேன், போதும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பாகு இறுகவில்லை. சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி மாலைவரை களிம்புபோலக் கிடந்தது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு குறைந்துவிட்டதோ என்று பனை ஏறுகிறவரைக் கேட்டேன், அவர் முகம் சுருங்கிப் போனார். கடைசியில் பம்பின் தலையைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முந்தைய நாட்களின் பதநீர் உள்ளே மூலையில் தங்கிப் புளித்து, வழவழவென்று ஒரு படலம். புதுப் பதநீர் அதன் வழியாகத்தான் ஏறியிருக்கிறது. புளிப்பு ஏறினால் சர்க்கரை உடையும், உடைந்த சர்க்கரை இறுகாது. ஏறுகிறவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அது தனிக்கதை.

இந்தப் பாடு படாமல் கழற்றி மாட்டுகிற வழியை யாராவது கண்டிருந்தால் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன்

அண்ணாச்சி, உங்கள் கதையை நான் வேறொரு திரவத்தில் அனுபவித்திருக்கிறேன். அமெரிக்காவில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே வீட்டில் பியர் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. 1978இல் சட்டம் திருத்தி, 1979 பிப்ரவரியிலிருந்து அனுமதித்தார்கள். வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், வீட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தால் 200 கேலன், வரி கிடையாது. இங்கே அதை நினைத்தும் பார்க்காதீர்கள், தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இலிருந்தே இருக்கிறது. கள்ளுக்கும் 1987இலிருந்து தடைதான். நான் இப்போது இஞ்சித் தண்ணீரோடு நின்றுகொண்டேன்.

ஆனால் ஸ்டாண்டு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான். அங்கேயும் வெந்நீர், தானியம், கொதி என்று மூன்று பாத்திரம், இடையில் பம்பு. எங்கள் பம்பில் மோட்டாருக்கும் தலைக்கும் நடுவில் தண்டு கிடையாது, காந்தம்தான் சுழற்றும். ஒழுகாது, அது நல்லது. ஆனால் தானாக உறிஞ்சத் தெரியாது. டிரம்மின் அடிமட்டத்துக்குக் கீழே உட்கார்ந்தால்தான் நீர் தானே வந்து நிரம்பும். முதல் மாதம் நான் பம்பைப் பார்க்க அழகாக இருக்கிறதே என்று மேல் சட்டத்தில் மாட்டினேன். உறுமியது, ஒரு சொட்டு ஏற்றவில்லை, காய்ந்தபடியே ஓடி உள்ளே தேய்ந்து போனது. நீங்கள் காலில் மாட்டியது சரி, டிரம்மை மட்டும் ஒரு கல்லின்மேல் ஏற்றிவையுங்கள். வெளியேறும் வாய் மேல்பார்த்து இருக்கட்டும், காற்று அடைக்காது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளிவாய் வால்வைத்தான் திருக வேண்டும். உள்வாயை அடைத்தால் பம்பு பட்டினி கிடக்கும்.

இன்னொன்று. சுண்ணாம்பு வண்டல் அடியில் தங்கின பிறகு மேல்நீரை மட்டும் எடுங்கள். வண்டல் உள்ளே போனால் மணல்தாள் தேய்த்ததுபோல் ஆகிவிடும்.

மாட்டும் விதத்துக்கு நான் செய்தது: ஒரு தகட்டில் பம்பை நிரந்தரமாக முடுக்கிவிட்டு, அந்தத் தகட்டில் சாவித்துளை வடிவில் இரண்டு ஓட்டை. ஸ்டாண்டில் தலை தடித்த இரண்டு குமிழ். தகட்டை மாட்டி, கீழே இழுத்தால் உட்கார்ந்துவிடும். குழாய்களுக்கு இரட்டைக் காது வைத்த இணைப்பி, இரண்டு காதையும் மடக்கினால் பூட்டும், விரித்தால் கழலும். ஸ்பேனரே எடுப்பதில்லை. மின்சாரத்துக்கு மட்டும் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் ஈரக்கையோடு பக்கத்தில் போகாதீர்கள், இதில் விளையாட்டு வேண்டாம்.

வள்ளியூர் பட்டறைக்காரன்

பாளையங்கோட்டைத் தம்பி சொன்ன சாவித்துளை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது அமெரிக்கச் சுத்தத்துக்குச் சரி. பாகும் சாம்பலும் படிந்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும், குச்சி வைத்துக் குத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நான் இந்த மாதிரி நாலைந்து ஸ்டாண்டு அடித்திருக்கிறேன். எளிய வழி இரண்டு பட்டை. 40 மில்லிமீட்டர் பட்டையை நீளவாக்கில் சாய்வாக அறுங்கள். ஒன்றை ஸ்டாண்டில், சாய்வு உள்நோக்கிப் பார்க்க, பற்றவையுங்கள். மற்றதைத் தலைகீழாகப் பம்புத் தகட்டின் முதுகில் பற்றவையுங்கள். மேலிருந்து இறக்கினால் ஒன்றுக்குள் ஒன்று கவ்வும், பாரமே பூட்டு. அழுக்கு படிந்தால் துணியால் ஒரு இழுப்பு, தீர்ந்தது. பம்பு அதிர்ந்தால் மேலே எழும்பிவிடாமலிருக்க பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, டிராக்டர் கொக்கியில் போடுவோமே அந்த வளையப் பின் ஒன்று. பின்னைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் அண்ணாச்சியின் வாஷரோடு போய்ச் சேரும்.

நட்டு கடித்தது புதிதல்ல. ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் அழுத்தி வேகமாகச் சுற்றினால் சூடாகி ஒட்டிக்கொள்ளும், அதுவும் மின்சார முடுக்கியால் முடுக்கினால் கேட்கவே வேண்டாம். பித்தளை நட்டு போடுங்கள். அலுமினியத்தில் பிடிமானம் செய்து தரச் சொல்லி ஒருவர் வந்தார், எடை குறைவாம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சுண்ணாம்புப் பதநீர் சொட்டிச் சொட்டி இரண்டு மாதத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாயிலும் அதே தொல்லை உண்டு, போதாததற்கு பற்றவைக்கும்போது எழும் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

அடுப்புக்கு நேர் பக்கவாட்டில் பம்பை மாட்டியவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒருவரின் பம்பில் பிளாஸ்டிக் மூடி அப்பளம்போல் வளைந்திருந்தது. நடுவில் ஒரு தகடு நிறுத்துங்கள், தகட்டுக்கும் பம்புக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

அம்பை அல்வாக்காரர்

மோட்டார் வைத்துக் கிண்டுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நாங்கள் சம்பா கோதுமைப் பாலைக் கிண்டுகிற வீட்டார். என் சித்தப்பா மகன் மோட்டாரைக் குறுக்குச் சட்டத்தில் ஒரே ஒரு போல்ட்டில் நிறுத்தினான். பால் தண்ணீராக இருக்கும் வரை எல்லாம் சுகம். பதம் ஏறி இறுகியதும் துடுப்பு நின்றது, மோட்டார் சுற்றியது. துடுப்பு ஒரு பக்கம் போகாவிட்டால் மோட்டாரின் உடல் எதிர்ப்பக்கம் போகும் என்பதை அவன் யோசிக்கவில்லை. ஒயரை அறுத்துக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றிச் சுவரில் மோதியது. நெய்யோடு துடுப்பும் பறந்தது, யார் மேலும் படாதது பெருமாள் புண்ணியம். கழற்றி மாட்டும் மோட்டாருக்கு ஒரு கை நீட்டி ஸ்டாண்டின் காலில் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு போல்ட்டுக்கும் ஒரு முட்டுக்கையே மேல்.

உவரி மதினி

ஆண்பிள்ளைகள் எல்லோரும் மாட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கழற்றுவதை எப்போது என்று யாரும் சொல்லவில்லையே.

எங்கள் மாமியார் விடலியில் நாற்பது வருடம் காய்ச்சியவர். பொங்கி வழியப் போகும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவார், நுரை அப்படியே அடங்கும். நானும் வெப்பமானி வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். நூலில் கட்டி அண்டாவுக்குள் தொங்கவிட்டேன். நூல் கருகி அறுந்தது, கம்பி அடியில் போய்க் கிடந்தது, கொதிக்கிற பாகிலிருந்து அதை எடுத்த தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. இப்போது ஸ்டாண்டின் சட்டத்தில் துணி உலர்த்தும் பெரிய கிளிப் போட்டுக் கவ்வியிருக்கிறேன். கம்பி அடியைத் தொடக்கூடாது, தொட்டால் அடுப்புச் சூட்டைத்தான் காட்டும். 110 டிகிரிக்கு மேல் போனதும் பார்வையை எடுக்க மாட்டேன். 118, 120 வரும்போது எண்ணை நம்புவதில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருட்ட வர வேண்டும், அதுதான் பதம்.

அந்த நேரத்தில் மோட்டார் ஓடவே கூடாது. துடுப்பு கையில் இருந்தால் பாகு கனப்பது தோளுக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது. எனவே கொதி நிலை வரும்வரை மோட்டார், பிறகு கழற்றி வெளியே. கொதிக்கும் அண்டாவின்மேல் குனிந்து கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைத்து மாட்டுங்கள். இரண்டு கை வேண்டும், ஸ்பேனர் வேண்டும் என்றால் அந்த மோட்டாரை வாங்காதீர்கள்.

தேரிக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. மதினி சொன்னது எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சாய்வுப் பட்டை செய்துவிட்டேன், வள்ளியூர் அண்ணாச்சி முறைப்படியே. டிரம் இரண்டு சிமெண்டுக் கல்லின்மேல் ஏறிவிட்டது. பம்பைக் கழற்ற எனக்குப் பதினைந்து வினாடி, மகளுக்கு ஐந்து வினாடி. கழற்றித் தலையைத் திறந்து வெந்நீரில் அலசி, சமையலறை ஜன்னல் கம்பியில் வாய் கீழ்பார்க்கத் தொங்கவிடுகிறோம். பதினோரு நாளாகக் கருப்பட்டி கல்லென்று இறுகுகிறது. ஏறுகிறவர் இப்போது சிரட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார், அவ்வளவுதான்.

மோட்டாருக்கு முட்டுக்கை இன்னும் முடியவில்லை. கையின் முனை ஸ்டாண்டின் காலை எந்த உயரத்தில் தொட வேண்டும் என்பதில் குழப்பம். நேற்று ஊரார் கொடைக்கு ஸ்டாண்டைக் கேட்டு வந்தார்கள், பம்பையும் பின்னையும் வீட்டில் வைத்துவிட்டுக் கொடுத்தேன். இன்று திருப்பி அனுப்பியபோது சாய்வுப் பட்டையில் ஒரு வாழைத்தார் தொங்கிக்கொண்டு வந்தது. நாற்பது பழம், பட்டை இம்மியும் வளையவில்லை.